கைகாட்டி வேலைக்கு வந்த சென்டர் ஃபார்வர்டு

போன மாதம் ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் ஹாலில் பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. இப்போது லீக் ஆடும் பசங்களுக்கு ஒப்பந்தம் முடிந்து கிளப்பை விட்டு வெளியே வந்ததும் என்ன செய்வது என்று ஒரே கவலையாம். அனுபவப்பட்டவர்கள் வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் கிரேன், கொக்கி, சைகை என்று ஆரம்பித்ததுமே கூட்டம் நடத்துகிறவர், "ஐயா, பந்தைப் பத்தி பேசுங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டு எனக்குச் சால்வை போட்டுவிட்டார். சால்வை போட்ட பிறகு ஒரு மனுஷன் பேச முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானப்பிரகாசம். கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப்பில் மூன்று சீசன் கோலுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் பேக்காக இருந்தேன். ஆடினேன் என்று சொன்னால் அந்த கிளப்பின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்; பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம். மூன்றாவது சீசனில் இடது முழங்கால் போயிற்று. கிளப் செயலாளர் ஒரு மண் கலயம் நிறைய ரசகுல்லாவும் ஒரு ரயில் டிக்கெட்டும் கொடுத்து, "ஊரில் அம்மாவைக் கேட்டதாகச் சொல்" என்றார். அவ்வளவுதான் பிரிவு உபசாரம். ரசகுல்லா விஜயவாடா வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பெரிய கிளப்பை விட்டு வந்தவர்கள் என்னென்னவோ செய்தார்கள். ஒரு கோல்கீப்பர் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டான்; கத்திக் கத்தித் தொண்டை ஏற்கெனவே பழகியிருந்தது. மைதானத்தின் இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடினவன் ஒருவன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். கடைசி வரைக்கும் ரோட்டு ஓரமாகத்தான் ஓட்டினான். எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. எந்தத் துறைமுகம் என்று எழுத மாட்டேன், இன்னும் பென்ஷன் வாங்குகிறேன். நேர்காணலில் ஒரு அதிகாரி, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். "ஓடி வர்ற ஆளை மறிக்கத் தெரியும் சார்" என்றேன். அவர் என்னைக் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிற வார்ஃபுக்கு அனுப்பினார்.

வேலையின் பெயர் சிக்னல்மேன். எங்கள் தெருவில் கைகாட்டி என்றார்கள். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் இருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்மேனின் கைதான் அவருக்குக் கண். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முன்கையை மட்டும் நிமிர்த்தி ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் பாரம் ஏறும். விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் இறங்கும். கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிற்கும். ஒரு கை முழுசாகத் தலைக்கு மேலே போனால் சீக்கிரம் ஏற்று என்று அர்த்தம். இரண்டு கையும் போனால் அவசர நிறுத்தம். ஓட்டுகிறவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் பிரேக்கை அடித்து நிறுத்திவிடுவார். தொங்குகிற பாரம் அந்த அதிர்ச்சியில் ஆடும். அடியில் ஆள் இருந்தால் அவன் பாடு அவ்வளவுதான். இப்போது வாக்கிடாக்கியும் கேமராவும் வந்துவிட்டன. அப்போது கை மட்டும்தான்.

எங்கள் ஃபோர்மேன் எத்திராஜுலு. அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். திட்டு வாங்குகிறவன் குனிந்து காதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சரியாகக் காதில் விழவில்லை என்று சொன்னால் இன்னும் மெதுவாக ஒருமுறை திட்டுவார். கால்பந்து அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டாப்பர் பேக்குகளுக்கு ஒரு வியாதி உண்டு. எவனாவது முதுகுக்குப் பின்னால் ஓடினால் ஆஃப்சைடு கேட்டு வலது கை தானாக மேலே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் பின்னால் ஒரு ஃபோர்க்லிஃப்ட் போயிற்று. என் கை மேலே போய்விட்டது. மேலே கூண்டில் இருந்த பாஷா பாய் சைகைக்கு உண்மையான ஆள், கை மேலே போனதும் சர்ரென்று ஏற்றிவிட்டார். கொக்கியில் தொங்கிய வலை ஃபோர்மேனின் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சைக்கிள் ஏறியது. கேரியரில் டிபன் கேரியரோடு, மணி தானாக அடித்துக்கொண்டு, மூன்று மாடி உயரத்துக்குப் போயிற்று. வார்ஃபில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எத்திராஜுலுவும் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து என் காதருகே வந்தார்.

"நைனா, அதுல என் சோறு கீது. எறக்கு."

மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து என் வலது அக்குளில் வைத்தார். எட்டு மணி நேரமும் அது விழக் கூடாது. முன்கைக்கு மட்டும்தான் வேலை, மேல்கை அசைந்தால் பழம் உருண்டு ஓடிவிடும். முதல் நாள் எத்தனை தடவை விழுந்தது என்று கூலிக்காரர்கள் சத்தம் போட்டு எண்ணினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா, "இன்னாடா உன் மேல ஊறுகா வாசன வருது?" என்றாள். நாற்பது நாள் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு கப்பல் படையே என் பின்னால் ஓடினாலும் என் கை ஏறாது.

பத்து வருஷம் போயிற்று. நானே புது ஆட்களுக்குச் சைகை பழக்குகிறவனாக ஆனேன். அப்போதுதான் மதியழகன் வந்தார்.

மதியழகன் யார் என்று இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சொல்ல வேண்டும். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் பெஞ்சில் இருந்த அதே கல்கத்தா கிளப்புக்கு ஒன்பது சீசன் சென்டர் ஃபார்வர்டு. மதி என்பது வங்காளிகள் வாயில் மோதி ஆகி, அங்கே அவருக்கு மோதி தா என்று பெயர். தா என்றால் வங்காளத்தில் அண்ணன். கோல் போட்டதும் ரசிகர்கள் இருக்கும் காலரியைப் பார்த்து நின்று இரண்டு கையையும் தூக்குவார். மொத்த காலரியும் மோதி தா, மோதி தா என்று கத்தும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே உடம்பு சிலிர்க்கும். பொறாமையும் வரும். இரண்டும் உண்மை.

கிளப் அவரை விட்டதும் ஊருக்கு வந்து விளையாட்டுச் சாமான் கடை வைத்தார். வந்தவர்களிடம் பழைய கோல்களைப் பற்றிப் பேசினாரே தவிர பந்து விற்கவில்லை. கோச்சாகப் போனார், பசங்களுக்குப் பந்தைக் கொடுக்காமல் தானே ஆடிக் காட்டினார். கவுன்சிலர் தேர்தலில் நின்றார். ஒன்பது சீசனில் போட்ட கோல் எண்ணிக்கைக்குக்கூட ஓட்டு விழவில்லை. கடைசியில் யாரோ ஒரு பெரிய மனிதர், அவருடைய பழைய ரசிகராம், வயது வரம்பைத் தளர்த்தி அவரை எங்கள் வார்ஃபில் சிக்னல்மேனாகப் போட உத்தரவு வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம் சோதனைக் காலம். முடிவில் பழக்குகிறவன் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், ஃபோர்மேன் எதிர்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும். பழக்குகிறவன் நான்.

முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ பெரம்பூரா?" என்றார்.

"மதிண்ணா, ஒங்களோட மூணு சீசன் ஒரே ரூம்ல துணி மாத்தினவன் நான்."

"அப்பிடியா? பேஜாரா பூட்சிப்பா. அங்க எத்தினி பேரு இருந்தானுங்க" என்றார்.

இந்த ஆளை ஆறு மாதம் என் கைக்குக் கீழே வைத்திருக்கப்போகிறேன் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஸ்டாப்பர் பேக்குக்கு ஒரு கை வியாதி என்றால் சென்டர் ஃபார்வர்டுக்கு இரண்டு கை வியாதி. கூலிக்காரர்களில் எவனாவது ஒரு குறும்புக்காரன் கிடங்குப் பக்கத்திலிருந்து "மோதி!" என்று கத்துவான். இவர் பாரத்தை விட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்குவார். பாஷா பாய் அடித்து நிறுத்துவார். சர்க்கரை மூட்டைகள் ஊஞ்சலாடும். முதல் மாதத்தில் மட்டும் எங்கள் கிரேன் எத்தனை முறை நின்றது என்பதற்குக் கணக்கே இல்லை. பாஷா பாய் கூண்டிலிருந்து இறங்கி வந்து என்னிடம், "கியா பாய், உன் தோஸ்து சிக்னல் குடுக்கறானா, சலாம் வெக்கறானா?" என்று கேட்டார்.

எத்திராஜுலு இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். மதிண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சார், ஒன்பது சீசன் ஆடினவன்கிட்ட எலுமிச்சம்பழம் தர்றீங்க? நான் இன்னா மந்திரிக்க வந்துகீறவனா?"

ஃபோர்மேன் அவர் காதருகே போனார். குரல் அவ்வளவு இறங்கியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அந்த ஒன்பது சீசன்ல நீ கை தூக்கனப்போ, யாரு தல மேல பாரம் தொங்கிகினு இருந்துச்சி?"

மதிண்ணா இரண்டு பழத்தையும் வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வருகிற நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய வஞ்சிரம். மீனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"ஞானம், இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால அவரு நாளெல்லாம் பழைய பேப்பர விரிச்சி வெச்சிகினு குந்திகினு இருந்தாரு. பொண்ணுங்க ரெண்டும் அப்பா இருக்கற ரூம் பக்கமே போவாதுங்க. இப்ப காலைல எழுந்து தலையில ஹெல்மெட்டு மாட்டிகினு போறாரு. சின்னது வாசல் வரிக்கும் வந்து டாட்டா காட்டுது. இதுவும் பூட்சின்னா அந்த மனுசன் பொழைக்க மாட்டாரு. பாத்துக்கோ."

அந்த மீனை எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், வஞ்சிரம் இல்லையா.

மதிண்ணா உண்மையிலேயே முயன்றார். சைகைகள் சுத்தமாக வந்தன; கால் போன ஆட்டக்காரனுக்கும் கண் போவதில்லை. பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை என்னைவிட முன்னாலேயே சொல்லிவிடுவார். ஆனால் ஐந்தாவது மாதத்திலும் எவனாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எலுமிச்சம்பழம் இரண்டும் தரையில் உருண்டன. ஒருநாள் எத்திராஜுலு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நைனா, படிவம் உன்து. நீ இன்னா வேணா எழுது. ஆனா ஒருத்தன் சாவுறதுக்கு நான் எதிர்க் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மின்மாற்றி அதில் இருந்தது. ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். அத்தனை பெரிய பாரத்துக்கு இரண்டு சிக்னல்மேன் வேண்டும் என்பது விதி. கப்பல் மேலே ஒருவன் நின்று பாரத்தை வெளியே எடுத்துத் தருவான். அது கப்பலின் ஓரக் கம்பியைத் தாண்டியதும், தன் நெஞ்சில் வலது கையை வைத்து, இனி உன் பொறுப்பு என்று காட்டுவான். கீழே நிற்கிறவன் தானும் நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொள்வான். அந்த நொடியிலிருந்து கிரேன் கீழே இருப்பவனின் கையை மட்டும்தான் பார்க்கும். எங்கள் இன்னொரு சிக்னல்மேன் தங்கச்சி கல்யாணம் என்று திருவொற்றியூருக்குப் போயிருந்தான். கப்பலோ மாலைக்குள் கிளம்ப வேண்டும். மீதி இருந்தது மதிண்ணா.

ஃபோர்மேன் அவரிடம், "முடியுமா?" என்று மட்டும் கேட்டார். "முடியும் சார்" என்றார் மதிண்ணா. பாரத்தின் வழிகாட்டுக் கயிறுகளைப் பிடிக்கக் கீழே நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். இந்த மாதிரி பாரத்துக்கு எலுமிச்சம்பழமெல்லாம் வைக்க முடியாது. சைகை காட்டுகிறவன் கவனம் பழத்தில் இருக்கக் கூடாது என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார்.

நான் கப்பலுக்கு மேலே போனேன். நாலு கால் சங்கிலி மாட்டினோம். ஒரு சாண் தூக்கி நிறுத்தி, சாய்கிறதா என்று பார்த்தோம். சாயவில்லை. மெல்ல ஏற்றினேன். ஓரக் கம்பியைத் தாண்டியது. நெஞ்சில் கை வைத்தேன். கீழே மதிண்ணா நெஞ்சில் கை வைத்தார். பாரம் அவருடையது ஆயிற்று.

அப்போதுதான் கப்பல் சமையல்காரன் ஒருவன் கரண்டியோடு வெளியே வந்து கீழே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தான். பிறகு கத்தினான்.

"மோதி தா!"

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் பாதிப் பேர் வங்காளிகள். ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு பேர் ஓரக் கம்பியில் வந்து தொங்கினார்கள். காலரியில் கத்துகிற அதே தாளத்தில் மோதி தா, மோதி தா என்று ஆரம்பித்தார்கள். சமையல்காரன் சட்டியில் தட்டினான். நான் எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் வாயை மூடுங்கள் என்று கத்தினேன். அவர்கள் நானும் சேர்ந்து கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் உற்சாகமானார்கள்.

கீழே பார்த்தேன். மதிண்ணாவின் தோள் இரண்டும் ஒரு தடவை மேலே ஏறின. நாலு பேர் தலைக்கு மேலே மின்மாற்றி தொங்குகிறது. மாதாவே என்று கூப்பிட்டேன். தோள் இறங்கியது. முழங்கை விலாவை விட்டு வரவில்லை. விரல் கீழே பார்த்துச் சுழன்றது, ஒரே சீராக, அவசரமில்லாமல். கண் பாரத்தை விட்டு நகரவே இல்லை. மேலே அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள், அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய ஆட்டம் அதுதான். இதைத்தான் அன்றைக்கு மைக்கில் சொல்ல வந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தல் அடங்கியது. வங்காளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் தலையை ஆட்டிச் சொன்னார்: "இது அவர் இல்லை. மோதி தாவாக இருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பார்." பிறகு என்னிடம், "அந்த ஆள் யார்?" என்று கேட்டார்.

மதிண்ணாவின் பெயரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் மறுபடி கத்துவார்கள். பாரம் இன்னும் ஓர் ஆள் உயரத்தில் இருந்தது.

"எங்க சிக்னல்மேன்" என்றேன்.

அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மூன்று சீசன் அதே கிளப்பில் இருந்த என்னை யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மின்மாற்றி டிரெய்லரில் பூப்போல உட்கார்ந்தது. சங்கிலியைக் கழற்றினார்கள். வெறும் கொக்கி ஏறிப் போயிற்று. நாலு பேரும் பாதுகாப்பாகத் தள்ளிப் போன பிறகுதான் மதிண்ணா கப்பல் பக்கம் திரும்பினார். ஓரக் கம்பியில் யாரும் இல்லை. நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் மெல்ல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

பாஷா பாய் அடித்து நிறுத்தினார். அவசர நிறுத்தம் என்றால் அதைப் பார்க்கிற பக்கத்துக் கிரேன்களும் நிற்க வேண்டும் என்பது விதி. அவையும் நின்றன. சைரன் ஊளையிட்டது. ஃபோர்க்லிஃப்டுகள் நின்றன. வார்ஃப் முழுக்க எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றார்கள். நிறுத்தச் சொன்னவன் கையை இறக்கும் வரை யாரும் எதையும் அசைக்கக் கூடாது. அவர் இறக்கவில்லை. முகம் நனைந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

டிரெய்லர் டிரைவருக்குப் பொறுமை இல்லை. இன்னாய்யா இது என்று ஹாரனை அழுத்தினான். எத்திராஜுலு நடந்து போய், அவன் ஜன்னலுக்குள் தலையை விட்டு, அவன் காதில் ஏதோ சொன்னார். ஹாரன் நின்றுவிட்டது. பிறகு அவரும் மற்றவர்களைப் போல இருந்த இடத்திலேயே நின்றார்.

சாயங்காலம் நான் படிவத்தை நிரப்பினேன். அதில் கடைசிக் கேள்வி, அவசர நிறுத்தச் சைகையைத் தெளிவாகக் காட்டத் தெரியுமா என்பது. "தெரியும். வார்ஃப் முழுவதும் நின்றது" என்று எழுதினேன். எத்திராஜுலு கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்து அதன் கீழே, "ஃபோர்மேன் உட்பட" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.